கடற்படைத் துரையின் ஆயிரம் நாள் (திருகோணமலைத் துறைமுக வரலாறு - 17)

இலங்கையில் இராணுவ ஆட்சி நடந்ததே இல்லை என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருப்போம். 1962இல் சில இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் முயன்று பார்த்தார்கள். விடிவதற்கு முன்பே பிடிபட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய கணக்கு அது. அதற்குச் சற்று முன்னே போனால், இந்தத் தீவு முழுவதும் ஒரே ஒரு சீருடைக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அவர் பெயர் சேர் ஜெஃப்ரி லேட்டன். பிரித்தானியக் கடற்படை அட்மிரல். 1942 மார்ச் 5ஆம் திகதி இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டவர். அவரை அந்த ஆசனத்தில் கொண்டுவந்து இருத்தியது திருகோணமலைத் துறைமுகம்தான்.

இந்தத் தொடரில் இதுவரை வந்த தளபதிகள் எல்லாரும் துறைமுகத்தைப் பிடிக்க வந்தவர்கள். கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிய போர்த்துக்கேயத் தளபதி, 1782இல் ஒரே ஆண்டுக்குள் இதைக் கைமாற்றிக்கொண்ட ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து நிரந்தரமாகப் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர் என்று பட்டியல் நீளும். லேட்டன் வேறு வகை. துறைமுகம் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருந்தது. அது கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக முழு நாட்டையும் அவரிடம் கொடுத்தார்கள்.

ஏன் கொடுத்தார்கள் என்பதற்குச் சிங்கப்பூரைத்தான் பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் 10ஆம் திகதி மலாயாக் கடலில் ‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்களை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. புதிதாகக் கிழக்குக் கடற்படைக்குத் தலைமையேற்று வந்த அட்மிரல் டொம் பிலிப்ஸ் கப்பலோடு போனார். அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்தான் லேட்டன். அவரைத் திருப்பி அழைத்து, மிச்சமிருந்த கடற்படையைக் கையில் கொடுத்தார்கள். 1942 ஜனவரியில் அவர் சிங்கப்பூரைவிட்டு வெளியேறி ஜாவா வழியாகக் கொழும்புக்கு வந்தார். பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ஆம் திகதி ரங்கூனும் போயிற்று. இந்து சமுத்திரத்தில் பெரிய கப்பற்படை ஒன்று ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகங்களில் எதிரி கைபடாமல் எஞ்சியவற்றுள் தலையாயது நம்முடையது.

சிங்கப்பூரின் வீழ்ச்சியிலிருந்து இலண்டன் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று நிருவாகம் பற்றியது. அங்கே ஆளுநர் ஒரு பக்கம் இழுக்க, தரைப்படைத் தளபதி இன்னொரு பக்கம் இழுக்க, கடற்படைத் தளபதி மூன்றாவது பக்கம் இழுத்திருந்தார். இலங்கையில் அப்படி நடக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கடல், தரை, வான் படைகள் மட்டுமல்ல, தேசாதிபதியும் அவருக்குக் கீழிருந்த சிவில் நிருவாகமும்கூட லேட்டனின் பணிப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மன்னரின் பிரதிநிதியாகத் தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் தொடர்ந்து இருந்தார். கொடியும் காவலும் கையொப்பமும் அவருடையவை. கடைசிச் சொல் லேட்டனுடையது. மலாயாவிலும் ஹொங்கொங்கிலும் பல ஆண்டு நிருவாக அனுபவம் பெற்ற, எழுத்தும் படிப்புமாக வாழ்ந்த கல்டிகொட் இந்த ஏற்பாட்டை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது ஒரு பெருந்தன்மை. வேறொரு தேசாதிபதியாக இருந்திருந்தால் கொழும்பும் இன்னொரு சிங்கப்பூராகியிருக்கலாம்.

லேட்டன் எப்படிப்பட்ட ஆள்?

1884இல் லிவர்பூலில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன். 1915 ஓகஸ்டில் அவருடைய ஈ-13 கப்பல் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய கடலில் சால்ட்ஹோம் தீவருகே மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. நடுநிலை நாட்டுக் கடல் என்பதைப் பொருட்படுத்தாமல் ஜெர்மன் டோர்பிடோப் படகுகள் வந்து அசையமுடியாத கப்பலைச் சுட்டன. 15 பேர் செத்தார்கள். டேனிஷ் படகுகள் குறுக்கே புகுந்துதான் மிச்சப்பேரைக் காப்பாற்றின. டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்ட லேட்டன், தப்பி ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மறுத்தார். பிறகு சொன்னபடியே தப்பி, நோர்வே வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அசையாமல் ஓரிடத்தில் கிடந்தால் எதிரி வந்து அடிப்பான் என்பதை அவருக்கு யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு, வாய் மோசம். கப்பல் தளத்தின் பேச்சை அப்படியே கொழும்பு மாளிகைகளுக்குக் கொண்டுவந்தவர். சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணத்திலக்கவை ஒருமுறை நிறத்தையும் பிறப்பையும் இழுத்து அவர் ஏசிய கதை கொழும்பில் நெடுங்காலம் உலவியது. குணத்திலக்க அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை, விஷயம் தேசாதிபதிவரை போயிற்று, மன்னிப்பும் வந்தது. அதன்பின் இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்பது கதையின் மறுபாதி. குணத்திலக்க 1944இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். பின்னாளில் மகாதேசாதிபதியாகவும் ஆனார். இந்த மாதிரிச் சமரசக் கதைகளை எழுதிவைப்பவர்கள் எப்போதும் மேலே போனவர்கள்தான். அதே காலத்தில் திருகோணமலைத் துறையடியில் மூட்டை சுமந்தவன் வாங்கிய ஏச்சுக்கு யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

அமைச்சர்களை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டொனமூர் யாப்பின்படி இயங்கிய அரசாங்க சபை கலைக்கப்படவில்லை. யுத்த சபை ஒன்று அமைந்தது. லேட்டன் தலைமை, தேசாதிபதி, படைத் தளபதிகள், அமைச்சர்கள், சிவில் பாதுகாப்பு ஆணையாளர் எல்லாரும் அதில் இருந்தார்கள். முதலில் பாரன் ஜயதிலக்க, 1942 டிசம்பருக்குப் பிறகு டி. எஸ். சேனநாயக்க என்று சபைத் தலைவர்கள் லேட்டனுக்கு எதிரே அமர்ந்து பேசினார்கள். குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்று, வீடுகளை இடி, பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கு என்று அவர் கேட்டதெல்லாம் நடந்தது. மார்ச் முதல் வாரத்தில் ‘இண்டோமிட்டபிள்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிகேன் போர் விமானங்கள் பறந்து வந்தன. ஒரு அணி கொழும்புக்கு, மற்றொன்றான 261ஆம் அணி நமது சீனன்குடாவுக்கு. அவுஸ்திரேலியப் படையணிகள் இரண்டு ஊருக்குத் திரும்பும் வழியில் இங்கே இறக்கப்பட்டன. ஒரு மாத அவகாசத்தில் முடிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு மாதம்தான் யப்பான் கொடுத்தது.

ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் தெற்குக் கடலில் யப்பானியத் தளபதி நாகுமோவின் கப்பல் கூட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிவதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின்மீது குண்டு விழுந்தது. அன்றே ‘டோர்செட்ஷயர்’, ‘கோர்ன்வோல்’ என்ற இரண்டு குரூசர் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின. இரண்டு நாள் கழித்து இன்னொரு வேடிக்கை: கண்டி போகம்பரையில் 1940 முதல் அடைக்கப்பட்டிருந்த சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன ஆகியோர் சிறைக்காவலனையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சகல அதிகாரமும் படைத்த பிரதம தளபதியின் முதல் மாதம் இப்படிக் கழிந்தது.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை, திருகோணமலையின் முறை.

முந்திய இரவே துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கியும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’உம் கரையோரமாகத் தெற்கே போயின. காலை ஏழு மணியளவில் ரேடார் நிலையம் எச்சரித்தது. கொழும்பில் கிடைக்காத முன்னறிவிப்பு இங்கே கிடைத்தது. சீனன்குடாவிலிருந்து ஹரிகேன்கள் நேரத்தோடு மேலெழுந்தன. ஆனால் வந்தவை நூற்றுக்கும் மேலான விமானங்கள். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தவை. எதிர்த்தெழுந்தவை இருபதைச் சற்றுத் தாண்டும். கடற்படைத் தளம், சீனன்குடா விமானக் கொட்டகைகள், களஞ்சியங்கள் எல்லாம் அடிபட்டன. ‘சகாயிங்’ என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி உள்துறையிலேயே கிடந்தது. பிறகு அதை மூழ்கடித்து இறங்குதுறைக்கு அடித்தளமாக்கினார்கள். 2018இல்தான் இலங்கைக் கடற்படை அதை மேலே தூக்கியெடுத்தது. ‘எரிபஸ்’ என்ற பீரங்கிக் கப்பலும் சேதப்பட்டது.

யப்பான் விமானம் ஒன்று எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் வீழ்ந்து வெடித்ததைத் திருகோணமலையில் கேள்விப்படாதவர் இல்லை. விமானி வேண்டுமென்றே மோதினான் என்பார்கள். தீ ஏழு நாள் எரிந்தது என்பார்கள். வெந்து சுருண்ட அந்தக் குதத்தின் எச்சம் காட்டுக்குள் இன்றும் நிற்கிறது. மற்றவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். உலகப் போருக்கு முன் கடற்படைக்காக ஆங்கிலேயர் கட்டிய அந்தத் தொட்டிகளை யாருக்கு எத்தனை என்று இலங்கையும் இந்தியாவும் 2022 ஜனவரியில்தான் பேசி எழுதிக்கொண்டன. எரிந்தது ஒன்று என்பதால்தான் பேரம்பேச மிச்சம் இருந்தது.

தெற்கே போன ‘ஹேர்மிஸ்’ கதை இன்னும் கசப்பானது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானியர் கண்டுபிடித்தார்கள். பத்தரை மணிக்குத் தொடங்கிய தாக்குதல் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 307 பேர் கப்பலோடு போனார்கள். ‘வம்பயர்’, ‘ஹொலிஹொக்’ என்ற சிறு போர்க்கப்பல், இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அதே காலையில் மூழ்கின. அருகில் நின்ற ‘வீட்டா’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. கொழும்பிலிருந்து பதிலடி கொடுக்கப் போன 9 பிளென்ஹைம் குண்டு விமானங்களில் 5 திரும்பவில்லை. எதிரிக் கப்பல் ஒன்றுகூடச் சேதப்படவில்லை.

ஊர் வெறிச்சோடியது. துறையடி வேலையாட்கள் காட்டுப்பக்கமும் உறவுக்காரர் ஊர்களுக்கும் போய்விட்டார்கள். கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றவும் சாமான் இறக்கவும் ஆளில்லை என்பதுதான் இராணுவக் கடிதங்களில் அவர்களைப் பற்றி வரும் ஒரே செய்தி. குண்டு விழுந்த இடத்தைவிட்டு ஓடுவது கோழைத்தனமாக அந்தக் கடிதங்களில் தெரிகிறது. கிழக்குக் கடற்படையே அடுத்த சில வாரங்களில் ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினித் துறைமுகத்துக்குப் போய் ஒதுங்கியது. அதற்குப் பெயர் போர்த்தந்திரம்.

நாகுமோ திரும்பி வரவில்லை. அந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டு மாதத்தில் மிட்வேயில் பசிபிக் கடலடிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அது லேட்டனுக்கு அன்று தெரியாது. அடுத்த அலை எந்த நாளும் வரலாம் என்ற எண்ணத்திலேயே 1942 முழுவதும் ஆண்டார்.

அந்த ஆட்சியை நம் பாட்டன் பூட்டன்மார் குண்டினால் அல்ல, சோற்றினால்தான் உணர்ந்தார்கள். இலங்கை தின்ற அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் விழுந்த அன்றே பானை பாதி காலி. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பனும் கூட்டுறவுச் சங்கக் கடையும் நாடெங்கும் பரவியது இந்தக் காலத்தில்தான். குறைந்த அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்து இறங்கியது. அதற்குமுன் பாண் நகரத்துக்காரரின் சாப்பாடு. கோதுமை மாப் பிட்டும் ரொட்டியும் கிழக்கு மாகாணக் குசினிகளில் சாதாரணமாகியது கூப்பன் காலத்தின் விளைவு. கொட்டியாரத்திலும் தம்பலகாமத்திலும் வயல் வைத்திருந்தவர் ஒருவாறு சமாளித்தார். கடலையே நம்பி இருந்தவருக்கு, போர்க்கப்பல் நிறைந்த துறைமுகத்தின் அருகே வலை போடுவது என்ன பாடு என்று நான் விளக்கத் தேவையில்லை. மறுபக்கம், தளம் வளர வளரக் கூலிவேலை பெருகியது. நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்றைய திருகோணமலை நகரின் கலப்புக்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம்.

லேட்டனின் காலத்தின் இருண்ட பக்கமாக ஒன்று உண்டு. 1942 மே 8ஆம் திகதி இரவு கொக்கோஸ் தீவில் காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப்படையினர் சிலர் கிரேஷியன் பெர்னாண்டோ தலைமையில் கலகம் செய்தார்கள். கலகம் தோற்றது. ஓகஸ்டில் அவரும் இன்னும் இருவரும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பொதுநலவாயப் படைகளில் கலகத்துக்காக மரண தண்டனை நிறைவேறியது இந்த மூவருக்கு மட்டுமே. மற்ற நாட்டுப் படைகளிலும் கலகங்கள் நடந்தன. உயிர் கொடுத்தவர்கள் இலங்கையர். 

இத்தனையும் சொன்னபின் அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1942 முடிவிலிருந்து அமைச்சர்கள் சுயாட்சிக்கான தெளிவான வாக்குறுதி கேட்டு நெருக்கினார்கள். கல்டிகொட் இலண்டனுக்கு அதை ஆதரித்து எழுதினார். அந்தத் தேசாதிபதி தாராளமனம் உள்ளவர் என்று இலண்டன் அதைத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஏச்சுக்குப் பேர்போன அட்மிரலும் கூடவே எழுதினார்: இவர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தத் தளத்தை நடத்த முடியாது, கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 1943 மே 26ஆம் திகதி அறிவிப்பு வந்தது. உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் மன்னரிடம். அதிலிருந்துதான் அமைச்சர்களின் வரைவும் 1944 டிசம்பரில் வந்த சோல்பரி ஆணைக்குழுவும். சிறுபான்மையினருக்கு அந்த அறிவிப்பில் என்ன பாதுகாப்பு என்று ஜி. ஜி. பொன்னம்பலம் கேட்ட கேள்விக்கு லேட்டனின் கோப்புகளில் பதில் தேட வேண்டாம். அவருக்கு ஒத்துழைப்பு வேண்டியிருந்தது. ஒத்துழைப்பைத் தரக்கூடியவர்கள் சபையில் பெரும்பான்மையாக இருந்தவர்கள். யாரோடு பேசுவது என்பதைத் துறைமுகத்தின் தேவை தீர்மானித்தது.

இங்கே ஒரு சிறு விஷயம். 1944 மேயில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்க சபையில் கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் வி. நல்லையா. திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர். திருத்தம் நிறைவேறியது. இராணுவத் தளபதியின் ஆட்சிக்குக் கீழே, கப்பல்கள் நிறைந்து நின்ற துறைமுகத்தின் பிரதிநிதி சபையில் பேசி வென்ற உரிமை, முழுச் சுதந்திரம் பெற்ற நாடாளுமன்றத்தில் 1956இல் இல்லாமல் போயிற்று.

1944 ஜனவரியில் கிழக்குக் கடற்படை ஆபிரிக்காவிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் பெரும் தலைமையகத்தோடு பேராதனைக்கு வந்தார். ஒரே தீவில் இரண்டு பெரிய துரைமார். தென்கிழக்காசியா முழுமைக்கும் ஒருவர் தளபதி, தீவுக்கு மட்டும் மற்றவர். லேட்டனுக்கு அந்தப் பகட்டு பிடித்திருக்க நியாயமில்லை. ஏப்ரல் 19ஆம் திகதி இங்கிருந்து போன பிரித்தானிய, அமெரிக்கக் கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. ‘சரட்டோகா’ என்ற அமெரிக்க விமானந்தாங்கியும் அதில் சேர்த்தி. ஓகஸ்ட் 8ஆம் திகதி, ‘வேலியன்ட்’ போர்க்கப்பலைத் தூக்கிநின்ற பிரமாண்டமான மிதக்கும் துறை பாரந்தாங்காமல் உடைந்து உள்துறையிலேயே அமிழ்ந்தது. யப்பான் செய்யாத சேதத்தை ஒரு தவறான கணக்குச் செய்துவிட்டது. நவம்பரில் பிரித்தானியப் பசிபிக் கடற்படை இங்கே உருவாகி, 1945 ஜனவரியில் கிழக்கே புறப்பட்டது. அந்த மாதத்தோடு லேட்டனின் பதவியும் முடிந்தது. போர்ட்ஸ்மத் தளத்தின் தளபதியாகச் சிலகாலம் இருந்து ஓய்வுபெற்றார். 1964 செப்டெம்பரில் காலமானார்.

அவர் கொடுங்கோலர் அல்லர். சகல அதிகாரமும் கையிலிருந்தும் சபையைக் கலைக்கவில்லை. போர் முடிவதற்கு முன்பே ஆசனத்தைவிட்டு எழுந்து போனார். ஆனால் அவர் ஆண்டது துறைமுகத்துக்காக. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அவருக்கு வேலையாட்களாகவோ, ஓடிப்போனவர்களாகவோ மட்டுமே தெரிந்தார்கள். 1947 நவம்பரில் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் இதே பார்வைதான்: சுதந்திரம் உங்களுக்கு, தளம் எங்களுக்கு. திருகோணமலைத் தளம் 1957 ஒக்டோபர் 15 வரை பிரித்தானியக் கடற்படையிடமே இருந்தது. அந்தக் கைமாற்றத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

அதற்குமுன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஹேர்மிஸ்’ கப்பலில் செத்தவர்களின் எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. உப்புவெளி யுத்த மயானத்தில் மாலுமிகளுக்கும் விமானப்படையினருக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை மூதூரிலும் கிண்ணியாவிலும் உவர்மலையிலும் சீனன்குடாவிலும் இருந்த நம்மவர் என்ன செய்தார்கள், எங்கே ஓடினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்த நாளைப் பற்றிச் சொன்ன கதை ஏதும் நினைவிலிருந்தால், சிறியதானாலும், ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள்.